அழித்தும் அழியாத கோப்புகள்

ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு டெலிட்டைத் தட்டினால், கோப்பை நிரந்தரமாக நீக்கிவிடலாமா என்று விண்டோஸ் கேட்கும். அவசரத்தில் 'ஆம்' என்று சொல்லிவிடுகிறோம். போனது பிள்ளையின் காதுகுத்துப் படங்கள் இருந்த ஃபோல்டர் என்று தெரிந்ததும் வயிற்றைக் கலக்குகிறது. பதற வேண்டாம். பல கணினிகளில் அந்த நிமிடம் படத்தின் ஒரு புள்ளிகூட அழிந்திருக்காது.

5 எம்பி படம் என்றால் வட்டில் ஏறத்தாழ 50 லட்சம் பைட்டுகள். அத்தனையையும் துடைத்துக்கொண்டிருந்தால் கணினியின் வேகம் குறையும். அதனால் கோப்பைப் பற்றிய குறிப்பை மட்டும் மாற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. பென் டிரைவ்களிலும் மெமரி கார்டுகளிலும் புழங்கும் ஃபேட்32 முறையைப் பாருங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் பெயர், அளவு, தொடங்கும் இடம் ஆகியவற்றைச் சொல்லும் 32 பைட் குறிப்பு உண்டு. கோப்பை நீக்கும்போது பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் 229 என்ற எண் எழுதப்படும். கோப்பின் துண்டுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டும் அட்டவணையில் அந்த இடங்கள் காலி என்று குறிக்கப்படும். அவ்வளவுதான். ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையிலும் இதே கதைதான்.

நீக்கிய கோப்பின் தரவு வட்டில் அப்படியே கிடப்பதைப் பயன்படுத்தித்தான் 1982-ல் பீட்டர் நார்ட்டன் தன் அன்இரேஸ் மென்பொருளைக் கொண்டுவந்தார். 1991-ல் வந்த எம்எஸ்-டாஸ் 5, அன்டெலிட் என்ற கட்டளையைத் தன்னுடனேயே தந்தது. கோப்பை மீட்கும்போது, 'பெயரின் முதல் எழுத்து என்ன?' என்று அது நம்மிடமே கேட்கும். பெயரில் தொலைந்தது அந்த எழுத்து ஒன்றுதானே!

குறிப்பு முழுவதும் போய்விட்டாலும் வழி உண்டு. ஜேபெக் படம் எதுவானாலும் 255, 216, 255 என்ற மூன்று பைட்டுகளில் தொடங்கும். 255, 217 என்று முடியும். கிறிஸ்தோஃப் க்ரெனியே உருவாக்கிய ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள், வட்டைத் தொடக்கம் முதல் கடைசிவரை படித்து இத்தகைய அடையாளங்களைத் தேடிப் படங்களைப் பிரித்தெடுக்கிறது. பழைய பெயர்கள் பெரும்பாலும் கிடைக்காது. எண்களே பெயராக வரும். படம் கிடைத்தால் போதும் என்பவருக்கு அது பெரிய குறையல்ல.

உண்மையான ஆபத்து டெலிட் விசையில் இல்லை. அதற்குப் பிறகு நாம் செய்யும் வேலைகளில்தான் இருக்கிறது. காலி என்று குறித்த இடத்தில் கணினி எப்போது வேண்டுமானாலும் புதிதாக எழுதலாம். பிரவுசரைத் திறந்தாலே தற்காலிகக் கோப்புகள் வட்டில் குவியத் தொடங்கும். மீட்ட படத்தின் மேல்பாதி தெளிவாகவும் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறமாகவும் வந்தால், பெரும்பாலும் மற்ற பாதியின் மேல் வேறெதுவோ எழுதப்பட்டுவிட்டது என்று பொருள்.

ஆகவே முதலில் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். கூகுள் டிரைவில் நீக்கிய கோப்பு 30 நாள் ட்ராஷில் இருக்கும், அங்கும் தேடுங்கள். இரண்டிலும் இல்லையென்றால் அந்தக் கணினியில் வேறு எந்த வேலையும் செய்யாதீர்கள். மீட்பு மென்பொருளை அதே வட்டில் இறக்கவே கூடாது. மீட்க வந்த கருவியே படத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துத் தேடுவதே பாதுகாப்பு. மீட்டதையும் வேறு வட்டில்தான் சேமிக்க வேண்டும். ஹார்டு டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தரவு மீட்பில் தேர்ந்தவரிடம் கொண்டுபோங்கள்.

ஆனால் இன்றைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் இருப்பது எஸ்எஸ்டி. அங்கே கதை வேறு. அதன் சில்லுகளில் பழையதன் மேலேயே புதியதை எழுத முடியாது. முதலில் அழித்து, பிறகுதான் எழுத முடியும். அதனால் கோப்பை நீக்கியதுமே, 'இந்த இடங்கள் இனி வேண்டாம்' என்று கணினி எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடுகிறது. ட்ரிம் எனப்படும் இந்த ஏற்பாடு 2009-ல் விண்டோஸ் 7 உடன் வந்தது. தகவல் கிடைத்ததும் எஸ்எஸ்டி தனக்கு வசதியான நேரத்தில் அந்த இடங்களைத் துடைத்துவிடும். அதன்பின் எந்த மென்பொருள் தேடினாலும் பெரும்பாலும் பூஜ்யங்களே மிஞ்சும். ஹார்டு டிஸ்க் காலத்து நம்பிக்கையை எஸ்எஸ்டியிடம் வைக்க முடியாது.

வேகமான கணினிக்கு நாம் கொடுக்கும் விலை இது. மீட்பதைவிடப் படியெடுத்து வைப்பதே இனி நமக்குக் காவல். புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரவலாக்கிய 3-2-1 விதி எளிமையானது: முக்கியமான கோப்புக்கு 3 படிகள், 2 வகைச் சாதனங்களில், அவற்றில் 1 வீட்டுக்கு வெளியே. கணினியில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என்று வைத்தாலே விதி நிறைவேறிவிடும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, குடும்பப் படங்களிலிருந்து தொடங்குங்கள்.