திரும்பும் வண்டி காலியாக வரலாமா?

குட்டி யானை ஓட்டும் தம்பிகளிடம் வாடகை கேட்டால், "போகவர சேர்த்துதான் சார் சொல்றேன்" என்பார்கள். நாம் ஏற்றுவது ஒருவழிச் சுமை, கொடுப்பது இருவழி வாடகை. அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. ஒட்டன்சத்திரத்திலிருந்து மதுரை இயற்கை அங்காடிகளுக்குப் போய்வர சுமார் 200 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கிடைத்தாலும் 13 லிட்டருக்கு மேல் டீசல். காலியாக வந்தாலும் டோல் கட்டணும், டயர் தேயும். வங்கியில் வாகனக் கடன் கோப்புகளை வருடக்கணக்கில் பார்த்தவன் நான். சொந்த வண்டிக்காரருக்கு மாதத் தவணை பெரும்பாலும் ரிட்டன் லோடில்தான் தேறும்.

அதைப் பிடிக்க அவர் காய் இறக்கிவிட்டு மணிக்கணக்கில் காத்துக் கிடப்பார். கிடைத்தாலும் புரோக்கர் கமிஷன் போக மிஞ்சுவது சொற்பம். நாங்கள் நாலு பேர் சேர்ந்து, எங்களுக்கு வேண்டிய வேப்பம்புண்ணாக்கு, கடலைப்புண்ணாக்கு, காலி கிரேட் எல்லாவற்றையும் வியாழக்கிழமை வண்டிக்கே ஒதுக்கினோம். முதல் நாளே கடைக்குப் போன் போட்டு, மூட்டையை எடுத்து வைக்கச் சொல்லிவிடுவோம். தம்பி வாடகையில் கால்வாசி குறைத்துக்கொண்டார். கமிஷனும் காத்திருப்பும் மிச்சம் என்பதால் அவருக்கும் நஷ்டமில்லை.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். மற்ற நாட்களில் அவர் யூரியாவோ பூச்சிமருந்தோ ஏற்றியிருக்கலாம். அவர் பிழைப்பு அது. அதே தளத்தில் நம் கீரையை அப்படியே வைக்கக்கூடாது. தண்ணீர் விட்டுக் கழுவி, காயவிட்டு, நம்ம தார்ப்பாயை விரித்த பிறகே ஏற்றணும். கழுவுகூலியை நாமே கொடுத்துவிட்டால் தம்பி முகம் சுளிக்க மாட்டார்.