முழங்காலின் காவல் இடுப்பில்

2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸ் வால்ட் போட்டியில் தீபா கர்மாகர் 15.066 புள்ளிகளுடன் நான்காம் இடம் பெற்றார். வெண்கலப் பதக்கம் 0.150 புள்ளியில் நழுவியது. அப்போட்டிக்கென அவர் பயிற்சி பெற்றது தில்லி இந்திரா காந்தி அரங்கில். மறு ஆண்டே, முழங்காலின் முன்சிலுவைத் தசைநாருக்கு அவர் அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. இதே காயம், கரோல் பாக் போன்ற நெருக்கடியான பகுதியில் சிமெண்டுத் தளத்தில் வாலிபால் ஆடும் மாணவிக்கும் நேரக்கூடும். அவளுக்குத் தேசிய முகாமின் துணை இல்லை. செலவு முழுவதும் குடும்பத்தைச் சாரும்.

தாவி இறங்கும்போது உடல் எடையைப் போல் பல மடங்கு விசை காலில் பாய்கிறது. அப்போது தொடை எலும்பு உட்புறம் சாயாமல் பிடித்து நிறுத்துபவை இடுப்பின் பக்கத் தசைகளும் பிட்டத் தசைகளுமே. அவை தளர்ந்திருப்பின் தொடை உள்நோக்கித் திரும்பும். முழங்கால் உட்புறம் மடியும். தசைநார் முறுக்குண்டு கிழியக்கூடும். பாதம் தரையைத் தொட்டபின் ஏறத்தாழ 40 மில்லி விநாடியில் இது நிகழ்ந்துவிடுவதாகக் காட்சிப் பதிவாய்வுகள் காட்டுகின்றன. விழிப்புடன் காலைத் திருத்திக்கொள்ள இந்த அவகாசம் போதாது. திருத்தம் முன்னரே பழக்கமாகியிருக்க வேண்டும். பெண்களுக்கு இவ்வபாயம் ஆண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

2016இல் வெளியான ஓர் ஆய்வு 501 விளையாட்டு வீரர்களைக் கண்காணித்தது. காலைப் பக்கவாட்டில் விலக்கும் வலிமை உடல் எடையில் 35.4 சதவீதத்திற்கு மேற்படாதவர்களுக்கு ஆபத்து மிகுதி என்று அது கண்டது. 50 கிலோ எடையுள்ள மாணவிக்கு இது ஏறத்தாழ 18 கிலோ விசை. ஆயினும் அதே ஆண்டில் வெளியான நார்வே ஆய்வில், 867 வீராங்கனைகளிடம் இத்தகைய தொடர்பு புலப்படவில்லை. ஆகவே வலிமை மட்டும் போதும் என்பது மிகை. இறங்கும் முறையையும் சேர்த்துக் கற்பிப்பதே முறை. இவ்விரண்டும் இணைந்த பயிற்சித் திட்டங்கள் பெண்களிடையே இக்காயத்தை ஏறத்தாழ பாதியாகக் குறைத்துள்ளன.

இதற்குப் பெரிய மைதானம் தேவையில்லை என்பது நகரப் பள்ளிகளுக்கு ஆறுதலான செய்தி. ஒற்றைக் காலில் நின்று பாதி அமரச் சொன்னால், முழங்கால் கட்டைவிரலைக் கடந்து உட்புறம் சாய்கிறதா என உடற்கல்வி ஆசிரியர் கண்ணாலேயே காணலாம். ஒருக்களித்துப் படுத்துக் காலை உயர்த்துதல், ரப்பர் பட்டை கட்டிப் பக்கவாட்டில் நடத்தல், முழங்கால்களை மடக்கி ஓசையின்றி இறங்குதல் ஆகியவற்றுக்கு, வாரம் இரண்டு மூன்று நாட்கள், ஆட்டத்திற்கு முன் 20 நிமிடங்கள் ஒதுக்கினால் போதும்.