கேனில் தெரிந்த முகம்

"ஓட்டைக் கேனையெல்லாம் வரிசையா அடுக்கி வச்சிட்டு சிற்பம்ங்கிறாங்களே மாமா, இதுல என்ன இருக்கு?" அக்கா மகள் போனை நீட்டினாள். டீ வந்திருந்தது. பதில் சொல்லாமல், கடை வாசலில் கிடந்த பழைய டீசல் கேனை எடுத்து, வாய்ப்பக்கம் அவளைப் பார்க்கிற மாதிரி சாய்த்துப் பிடித்தேன்.

"கைப்பிடியை மூக்குன்னு நினைச்சுக்கோ."

"அட, முகம்!"

அவள் காட்டிய படைப்பின் பெயர் 'லா பூஷ் து ருவா'. பெனின் நாட்டுக் கலைஞர் ரொமுவால் ஹசூமே செய்தது. 304 பெட்ரோல் கேன்களை அறுத்து 304 முகங்கள். அவர் ஊர்ப்பக்கம் நைஜீரியாவிலிருந்து பெட்ரோலைக் கடத்தி, மோட்டார் பைக்கில் கேன் கேனாகக் கட்டி வருவார்கள். இன்னும் ரெண்டு லிட்டர் பிடிக்கட்டுமே என்று கேனை நெருப்பில் காட்டி உப்பவைப்பார்கள். உப்ப உப்பச் சுவர் மெலியும். மறுபடி சூடு, மறுபடி சுமை. பிளந்துபோனால் குப்பை. அந்தக் கேனைத்தான் ஹசூமே எடுத்தார். ஒரு மனித உடம்பைச் சக்கையாகப் பிழிவது எப்படி என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி அவருக்கு எங்கே கிடைக்கும்?

முகங்களை அவர் அடுக்கியது கப்பல் வடிவத்தில். 1788இல் அடிமை வணிகத்தை எதிர்த்தவர்கள் இங்கிலாந்தில் ஒரு படம் அச்சிட்டார்கள்: 'ப்ரூக்ஸ்' என்ற கப்பலின் கீழ்த்தளத்தில் மனிதர்களை இடைவெளியில்லாமல் கிடத்தியிருந்த வரைபடம். அதே அடுக்குதான் இது. தலைப்பும் ஓர் இடத்தின் பெயர். பெனினில் மோனோ ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம். 'அரசனின் வாய்' என்று பொருள். அங்கிருந்து ஆட்களை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள்.

கேன்களோடு புகையிலை, கண்ணாடி, மணிகள், சோழிகள். சோழியைக் கண்டதும் எனக்கு நெஞ்சு கனத்தது. நாம் தாயம் உருட்டுகிற அதே சோழி மாலத்தீவிலிருந்து மூட்டை மூட்டையாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய், அங்கே மனிதர்களை வாங்கும் காசாகியிருக்கிறது.

அடிமை வணிகத்தை பிரிட்டன் சட்டப்படி தடைசெய்து 200 ஆண்டு நிறைந்த 2007இல், லண்டனின் பிரிட்டிஷ் மியூசியம் இதை வாங்கியது.

"சத்தமும் உண்டு," என்றேன். "கிட்டப் போனால் யோருபா மாதிரி பெனின் நாட்டு மொழிகள்ல குரல்கள் கேட்கும்."

"என்ன சொல்லும்?"

"பேர். ஒவ்வொருத்தர் பேரா."

அவள் டீயை அப்படியே வைத்துவிட்டு, படத்தை விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு கேனாகப் பார்க்க ஆரம்பித்தாள்.