நர்ஸ் ஆன பிறகும் இரண்டு வருடப் படிப்பு எதற்கு?

நம் பகுதியில் ஜி.என்.எம். முடித்து ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் பெண் பிள்ளைகள் இன்று பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் “பி.எஸ்சி. முடிக்கப் போகிறேன்” என்று சொன்னதும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, “நீதான் நர்ஸ் ஆகிவிட்டாயே, மறுபடியும் என்ன படிப்பு?” என்பது. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் தெரியாமலேயே சில வீடுகளில் அனுமதி மறுக்கப்படுகிறது. சில வீடுகளில் சந்தோஷமாகச் சேர்த்துவிட்டு, ஏழெட்டு மாதத்தில் படிப்பு நின்று, கட்டிய பணமும் விட்ட வேலையும் போய்விடுகிறது. அந்தப் படிப்பில் என்ன இருக்கிறது, வீட்டிலிருந்து அது என்ன கேட்கிறது என்று முன்பே தெரிந்திருந்தால் இரண்டையும் தவிர்க்கலாம்.

பெயரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஜி.என்.எம். பட்டயம் பெற்றவர் பட்டதாரி ஆவதற்கான படிப்பின் பெயர் “போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங்”. ‘பேசிக்’ என்ற சொல்லைக் கேட்டு, இது பி.எஸ்சி.க்குக் கீழான ஏதோ ஒன்று என்று நினைப்பவர்கள் உண்டு. அடிப்படைப் பயிற்சிக்குப் பிந்திய படிப்பு என்பதே அதன் பொருள். முழுநேரமாகக் கல்லூரிக்குப் போய்ப் படித்தால் இரண்டு வருடம். இதே பெயரின் சாயலில் “போஸ்ட் பேசிக் டிப்ளமா” என்று ஒரு வருடப் படிப்புகள் இருக்கின்றன. தீவிர சிகிச்சை, மனநலம் என்று ஒரே துறையில் சிறப்புப் பயிற்சி தருபவை அவை. நல்ல படிப்புகள்தான், ஆனால் பட்டம் அல்ல. சேர்க்கும்போது விண்ணப்பத்தில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

யார் சேரலாம்? பிளஸ் டூ முடித்து, அங்கீகாரம் பெற்ற பள்ளியில் ஜி.என்.எம். படித்து, மாநில நர்சிங் கவுன்சிலில் நர்ஸாகவும் மிட்வைஃபாகவும் பதிவு செய்தவர்கள். கவுன்சில் பதிவு இல்லை என்றால் இந்த வாசல் திறக்காது. ஏ.என்.எம். படித்தவர்கள் நேரடியாகச் சேர முடியாது, இடையில் ஜி.என்.எம். முடித்திருக்க வேண்டும். ஏதோ ஒரு மாடியில் நடக்கும் ‘நர்சிங் அசிஸ்டென்ட்’ வகுப்பில் ஒரு வருடம் படித்த பிள்ளைக்கும் இது கிடையாது. அந்த வகுப்புகளுக்குக் கவுன்சில் பதிவு இல்லை என்பது பல பெற்றோருக்குக் காலம் கடந்துதான் தெரியவருகிறது.

இனி பாடங்கள். இந்திய நர்சிங் கவுன்சிலின் பாடத்திட்டப்படி முதல் வருடத்தில் நர்சிங் அடிப்படைகள், உணவியல், உயிர்வேதியியலும் உயிர்இயற்பியலும், உளவியல், நுண்ணுயிரியல், மகப்பேறு நர்சிங், குழந்தை நல நர்சிங், பொது மருத்துவ - அறுவை சிகிச்சை நர்சிங், தகுதித் தாளாக ஆங்கிலம். பட்டியலைப் பார்த்தால் “இதெல்லாம் ஜி.என்.எம்.மில் படித்ததுதானே” என்று தோன்றும். பாதி உண்மை. ஒரு உதாரணம் பாருங்கள். பொட்டாசியம் குளோரைடு ஊசி மருந்தை நேரடியாக நரம்பில் ஏற்றக் கூடாது, டிரிப்பில் கலந்து மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும் என்பது எந்த வார்டு நர்ஸுக்கும் தெரியும். சீனியர் சொல்லிக் கொடுத்த விதி அது. இரத்தத்தில் பொட்டாசியம் திடீரென்று ஏறினால் இதயத் தசையின் மின்னோட்டம் எப்படிக் குலைகிறது, ஈ.சி.ஜி.யில் அது எப்படித் தெரியும், சிறுநீரகம் பழுதானவருக்கு ஆபத்து ஏன் அதிகம் என்பதை உயிர்வேதியியல் வகுப்பு சொல்லித் தருகிறது. விதியை மட்டும் தெரிந்தவர், விதியில் இல்லாத சூழ்நிலை வந்தால் தடுமாறுவார். காரணம் தெரிந்தவர் டாக்டரை எப்போது எழுப்ப வேண்டும் என்று அறிவார். இரவு இரண்டு மணிக்கு நோயாளியின் பக்கத்தில் இருப்பது நர்ஸ்தான்.

நுண்ணுயிரியலிலும் அப்படித்தான். கல்ச்சர் பரிசோதனைக்கான இரத்தத்தை ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும் என்பது ஏன் என்று புரிந்தவர், அவசரத்தில் அந்த வரிசையை மாற்ற மாட்டார்.

இரண்டாம் வருடம்தான் உண்மையில் புதிய வருடம். சமூகவியல், சமுதாய நல நர்சிங், மனநல நர்சிங், நர்சிங் கல்வி, நர்சிங் நிர்வாகம், ஆராய்ச்சியும் புள்ளியியலும் என்று ஆறு பாடங்கள்.

சமுதாய நல நர்சிங்குக்கு மட்டும் 240 மணி நேரம் களப்பயிற்சி. ஆஸ்பத்திரியில் நோயாளி நம்மைத் தேடி வருகிறார். இங்கே நாம் அவர் வீட்டு வாசலுக்குப் போகிறோம். ஒரு தெருவில் எத்தனை பேருக்குச் சர்க்கரை, எத்தனை பேர் மாத்திரையைப் பாதியில் நிறுத்தினார்கள், கர்ப்பிணிகள் பதிவு செய்திருக்கிறார்களா, குழந்தைகளின் தடுப்பூசி அட்டை முழுமையாக இருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி, அதிலிருந்து அந்தத் தெருவுக்கு எது முதலில் தேவை என்று முடிவு செய்யும் பயிற்சி இது. நம் தெருக்களுக்கு இதில் நேரடிப் பயன் இருக்கிறது. இன்சுலின் போட்டுக்கொள்ளும் பெரியவர்கள் ரமலானில் நோன்பு வைக்கலாமா, வைத்தால் மருந்தின் அளவும் நேரமும் எப்படி மாற வேண்டும் என்பது டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு. ஆனால் நோன்புக்கு ஒரு மாதம் முன்பே அந்தப் பெரியவரை டாக்டரிடம் அனுப்புவது, பகலில் வியர்த்துக் கைகால் நடுங்கினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று வீட்டாருக்குச் சொல்லிக் கொடுப்பது, விரலில் குத்திப் பார்க்கப் பழக்குவது எல்லாம் சமுதாய நல நர்ஸின் வேலை. நம் மொழியும் நம் வீட்டுப் பழக்கமும் தெரிந்த ஒருவர் சொன்னால் அந்தப் பெரியவர் கேட்பார்.

மனநல நர்சிங்குக்கும் 240 மணி நேரம். இந்தப் பயிற்சிக்குப் பெண்ணை அனுப்பத் தயங்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்கள் ஏர்வாடியை நினைத்துப் பார்க்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்ஹாவை நாடிக் கொண்டுவரப்பட்ட மனநோயாளிகள் தங்கவைக்கப்பட்டிருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். இன்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. துஆ கேட்பதும் சிகிச்சை எடுப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்று ஒரு குடும்பத்திடம் பக்குவமாகச் சொல்லவும், கோபத்தில் இருக்கும் நோயாளியிடம் பயப்படாமல் பேசவும், தற்கொலை எண்ணத்தை நேராகக் கேட்டறியவும் இந்த 240 மணி நேரத்தில்தான் பழகுகிறார்கள். என்னைக் கேட்டால், மொத்தப் படிப்பிலும் நம் சமுதாயத்துக்கு மிக அவசியமான பாடம் இதுதான்.

கல்விப் பாடத்தில் பாடத் திட்டம் எழுதி, ஜூனியர் மாணவிகளுக்கு வகுப்பு எடுக்க வேண்டும். நிர்வாகத்தில் ட்யூட்டி பட்டியல் போடுவது, வார்டுக்குத் தேவையான பொருளைக் கணக்கிட்டு இன்டென்ட் எழுதுவது, தவறு நடந்தால் அறிக்கை தருவது. ஆராய்ச்சி என்றதும் பலர் மிரளுகிறார்கள். இந்த நிலையில் அது அவ்வளவு பெரிய விஷயம் அல்ல. தாய்ப்பால் கொடுப்பது பற்றி இளம் தாய்மாரிடம் சில கேள்விகள் கேட்டு மதிப்பெண் குறித்துக்கொள்கிறார்கள், பிறகு சொல்லிக் கொடுக்கிறார்கள், சில நாள் கழித்து அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஏற்பட்ட மாற்றம் தற்செயலா, கற்பித்ததன் பலனா என்று புள்ளியியல் கொண்டு சோதிக்கிறார்கள். பங்கேற்பவரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வாங்குவதும் இதில் ஒரு பாடம்.

மணி நேரக் கணக்கைக் கூட்டினால், இரண்டு வருடத்தில் வகுப்பறை 870 மணி நேரம், செய்முறை 1,665 மணி நேரம். செய்முறை ஏறக்குறைய இரண்டு மடங்கு. வீட்டார் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். தேர்வு எழுத ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது 80 சதவீத வருகை வேண்டும். விடுப்புக்கு என்ன காரணம் என்பது கணக்கில் வராது. பட்டம் வாங்குமுன் செய்முறைப் பயிற்சி நூறு சதவீதம் முடிந்திருக்க வேண்டும். விட்டுப்போன நாட்களைப் பிறகு போய் ஈடுகட்டத்தான் வேண்டும். தேர்ச்சிக்கு எழுத்திலும் செய்முறையிலும் தனித்தனியே 50 சதவீதம், ஆங்கிலத்துக்கு 40.

படிப்பு பாதியில் நிற்பதற்குப் பணத்தைவிட இந்த 80 சதவீதமே பெரிய காரணம் என்பது என் எண்ணம். நாத்தனார் நிகாஹ்வுக்கு இரண்டு வாரம், மாமியாரின் கண் ஆபரேஷனுக்கு ஒரு வாரம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மருமகளையே ஒவ்வொரு முறையும் நிறுத்திக்கொண்டால் கணக்கு உதைக்கும். பிரசவமும் அப்படியே: முதல் வருடத்தின் நடுவில் குழந்தை பிறந்தால் அந்த வருடத் தேர்வு தள்ளிப் போக வாய்ப்பு அதிகம். இதைக் கணவனும் மனைவியும் சேரும் முன்பே வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. கைக்குழந்தை இருந்தால் காலை ஏழு மணியிலிருந்து யார் பார்த்துக்கொள்வது என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். “பார்த்துக்கலாம்” என்ற பதில் போதாது.

உடை பற்றியும் முன்பே கேட்டுக்கொள்ளலாம். கல்லூரிக்குக் கல்லூரி சீருடை விதி வேறுபடும். எங்கே படித்தாலும் அறுவை அரங்கில் அவர்கள் தரும் உடையும் தொப்பியும்தான். கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவாமல் உள்ளே கருவியைத் தொட முடியாது. இது கிருமித் தொற்றுக்கான விதி, யாருக்கும் விலக்கு இல்லை. ஜி.என்.எம். முடித்தவருக்கு இது புதிதும் அல்ல.

வேலையை விட முடியாதவர்களுக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ, மூன்று வருடப் படிப்பாக இதையே நடத்துகிறது. பிளஸ் டூவுடன் ஜி.என்.எம். முடித்தவருக்குப் பதிவுக்குப் பின் இரண்டு வருட அனுபவமும், பத்தாம் வகுப்புடன் முடித்தவருக்கு ஐந்து வருட அனுபவமும் கேட்கிறார்கள். நுழைவுத் தேர்வும் உண்டு. தொலைநிலை என்பதால் வீட்டிலேயே முடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். செய்முறைக்கு மையத்துக்குப் போயே ஆக வேண்டும். வளைகுடா வேலையை மனதில் வைத்திருப்பவர்கள், தாங்கள் போக விரும்பும் நாட்டின் உரிம அமைப்பு தொலைநிலைப் பட்டத்தை ஏற்கிறதா என்று உறுதி செய்துகொண்டு பிறகு சேருங்கள். அங்கே ஒவ்வொரு நாட்டுக்கும் தனி விதி, அதுவும் மாறிக்கொண்டே இருப்பது.

தமிழ்நாட்டில் கல்லூரி தேடும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: அரசு அனுமதி, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு, நர்சிங் கவுன்சில் அங்கீகாரம். மூன்றும் ‘போஸ்ட் பேசிக்’ படிப்புக்கே இருக்க வேண்டும். அதே கல்லூரியின் நான்கு வருட பி.எஸ்சி.க்கு இருந்தால் போதாது. தேசிய நர்சிங் ஆணையத்துக்கான சட்டம் 2023-இல் வந்திருப்பதால் விதிகள் மாறக்கூடும். அந்தந்த வருடத்து விளக்கக் கையேட்டையே நம்புங்கள், போன வருடம் சேர்ந்தவர் சொன்னதை அல்ல. முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்குச் சாதிச் சான்றிதழ் சரியாக இருக்க வேண்டும். கல்விக் கடனுக்கு வட்டியை நினைத்துத் தயங்குபவர்கள் முதலில் ஜமாஅத்திலும் அறக்கட்டளைகளிலும் கேளுங்கள். அரசின் வழியாக டாம்கோ எனப்படும் சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகமும் கல்விக் கடன் தருகிறது.

பட்டம் வந்தால் என்ன கிடைக்கும்? இருக்கும் அதே தனியார் ஆஸ்பத்திரியில் சம்பளம் கூடும் என்பது மட்டுமே எண்ணமானால், எவ்வளவு கூட்டுவீர்கள் என்று நிர்வாகத்திடம் முதலில் கேட்டுவிடுங்கள். பதில் ஏமாற்றமாக இருக்கலாம். எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் தேர்வைப் பட்டயதாரியும் எழுதலாம், ஆனால் 50 படுக்கைகளாவது உள்ள ஆஸ்பத்திரியில் இரண்டு வருட அனுபவம் காட்ட வேண்டும். பட்டதாரிக்கு அந்த நிபந்தனை இல்லை. நர்சிங் பள்ளியில் ஆசிரியராகப் போவதற்கும், எம்.எஸ்சி. படிப்பதற்கும் பட்டம் அவசியம். எம்.எஸ்சி.க்கு 55 சதவீதம் கேட்பார்கள் என்பதால், வெறும் தேர்ச்சி போதும் என்று படிப்பவர்கள் அந்தக் கதவைத் தாங்களே சாத்திக்கொள்கிறார்கள். இரவுப் பணி உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத நாற்பது வயதில், கற்பிக்கும் வேலை ஒன்று இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்பதை வார்டில் நின்றவர்களைக் கேட்டால் தெரியும்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கும். பட்டச் சான்றிதழ் கைக்கு வந்ததும் அதை மாநில கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழ்களை அவை வழங்கப்பட்ட இடத்திலேயே சரிபார்ப்பார்கள். ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் பட்டத்திலும் பெயர் ஒரே எழுத்துகளில் இருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். ‘பாத்திமா’ ஒன்றில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் இருந்தால், சேரும் முன்பே திருத்துவது சுலபம்.