செத்த கார்டும் சாகாத படங்களும்

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகளின் காதணி விழாவை முழுக்கத் தன் போனில்தான் படமெடுத்தாராம். தாய்மாமன் சீர் தெருவில் வந்தது, மாமன் மடியில் குழந்தை வீறிட்டது, அதன்பின் சில மாதங்களில் காலமாகிவிட்ட அப்பத்தா கொள்ளுப்பேத்திக்குத் திருநீறு பூசியது எல்லாம் ஒரு மைக்ரோ எஸ்டி கார்டில் இருந்தன. ஒரு நாள் காலையில் போன், கார்டு பழுது, ஃபார்மட் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டது. கடைக்குப் போனால் அங்கிருந்த தம்பி, "கார்டு செத்துப்போச்சுக்கா, ஃபார்மட் அடிச்சுத் தரவா?" என்று கேட்டிருக்கிறார். வேண்டாமென்று கார்டைத் திருப்பி வாங்கிவந்தவர், படங்கள் இன்னும் உள்ளே இருக்கின்றனவா என்று என்னிடம் கேட்கிறார்.

பெரும்பாலும் இருக்கும். வேண்டாம் என்று அவர் சொன்னதால் அந்த வாய்ப்பு இன்னும் பெரிதாகவே இருக்கிறது.

மதுரைப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு மொய் நோட்டை விளக்க வேண்டியதில்லை. எங்கள் குடும்ப விசேஷங்களில் சித்தப்பாதான் மொய் எழுதுவார்; பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். தவறாக எழுதிவிட்ட பெயரை அவர் முழுக்க அடிக்க மாட்டார். முதல் எழுத்தின்மேல் மட்டும் ஒரு பெருக்கல் குறி போடுவார். மிச்சப் பெயர், ஊர், தொகை எல்லாம் அப்படியே படிக்கக் கிடைக்கும். மெமரி கார்டும் ஒரு படத்தை நீக்கும்போது கிட்டத்தட்ட இதையேதான் செய்கிறது. 32 ஜிபி வரையிலான கார்டுகள் வழக்கமாகப் பின்பற்றும் 'ஃபேட் 32' முறையில், கோப்பை நீக்கியதும் அதன் பெயரில் முதல் எழுத்து இருந்த இடத்தில் ஓர் அடையாளக் குறி விழுகிறது. அது பிடித்திருந்த இடங்கள் காலி என்று பதிவாகின்றன. படத்தை யாரும் தொடுவதில்லை. வேறொரு படம் அதே இடத்தில் வந்து உட்காரும்வரை பழைய படம் அங்கேயே இருக்கும். மீட்பு மென்பொருள்கள் சில சமயம் தலையெழுத்து இல்லாத கோப்புப் பெயர்களைக் காட்டுவது இதனால்தான். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகளில் முறை கொஞ்சம் வேறு. ஆனால் அங்கும் நீக்குவது என்றால் குறிபோடுவதுதான்.

நம் வாசகியின் கார்டில் யாரும் எதையும் நீக்கவில்லை. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை சிதைந்திருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது பேட்டரி தீர்ந்துபோவது, படம் மாற்றிக்கொண்டிருக்கும்போதே கார்டை உருவுவது போன்ற சின்னக் காரணங்கள் போதும் அதற்கு. அட்டவணை போனாலும் படங்களைக் கண்டுபிடிக்க வழியிருக்கிறது. எந்த ஜேபெக் படத்தை எடுத்தாலும் அதன் தொடக்கத்தில் 255, 216, 255 என்ற மூன்று எண்கள் இருக்கும். முடிவில் 255, 217 இருக்கும். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய 'ஃபோட்டோரெக்' என்ற மென்பொருள் அட்டவணையைப் பார்ப்பதே இல்லை. கார்டின் முதல் மூலையிலிருந்து கடைசி மூலைவரை இப்படிப்பட்ட தொடக்கங்களைத் தேடிக்கொண்டே போய், கிடைக்கும் படங்களையெல்லாம் வேறொரு இடத்தில் சேர்த்துவைக்கிறது. கோப்புப் பெயர்கள் திரும்பி வராது. ஆனால் படமெடுத்த தேதி படத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பதால் வரிசைப்படுத்திவிடலாம். துண்டுதுண்டாகச் சிதறி எழுதப்பட்ட நீளமான வீடியோக்கள்தான் இதில் பாதியில் நின்றுவிடும். இந்த மென்பொருளுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

மீட்பு மென்பொருளை ஓட்டுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கார்டு முழுவதையும் ஒரு பிட் விடாமல் கணினிக்குள் நகலெடுத்துக்கொண்டு, தேடுவதையெல்லாம் அந்த நகலில் தேட வேண்டும். சாகும் நிலையில் இருக்கும் கார்டு ஒவ்வொரு முறை படிக்கும்போதும் இன்னும் மோசமாகலாம். கணினியில் செருகியவுடன், சரிசெய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். கூடாது என்று சொல்லுங்கள். அது சரிசெய்வது அட்டவணையை. அதற்காகக் கார்டின்மேல் எழுதும். போனிலேயே விட்டுவைத்தால் போனும் தன் பங்குக்கு எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும்.

நாசா இந்தப் பாடத்தைச் செவ்வாய்க் கிரகத்தில் நடத்திக் காட்டியிருக்கிறது. 2004 ஜனவரியில் அங்கே இறங்கிய ஸ்பிரிட் ஊர்தி, மூன்று வாரம் ஆவதற்குள் பேச்சை நிறுத்திவிட்டது. மறுபடி மறுபடி அணைந்து எழுந்துகொண்டிருந்தது. அதன் 256 எம்பி ஃபிளாஷ் மெமரியில், பூமியிலிருந்து கிளம்பிய நாள் முதல் கோப்புகள் சேர்ந்துபோய், அவற்றின் அட்டவணையைத் தாங்க வேலை மெமரியில் இடமில்லாமல் போனதுதான் காரணம். கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்த பொறியாளர்கள் முதல் வேலையாக ஃபார்மட் அடிக்கவில்லை. ஃபிளாஷைத் தொடாமலே ஊர்தியை எழவைத்தார்கள். காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். வேண்டாத கோப்புகளை நீக்கினார்கள். ஃபார்மட் என்ற கட்டளை பிப்ரவரியில்தான் போனது. அதன் இரட்டையான ஆப்பர்ச்சுனிட்டிக்கு 2014-ல் மறதி வந்தது. அந்த முறை ஃபார்மட் செய்தும் முழுக்கத் தேறவில்லை. அதன் மெமரியின் ஏழு பகுதிகளில் ஒன்று உண்மையாகவே தேய்ந்துபோயிருந்தது.

ஃபிளாஷ் மெமரி தேயும். 1980-களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கிய இந்த மெமரியில், ஒவ்வொரு நுண்ணறையிலும் கொஞ்சம் எலக்ட்ரான்கள் ஒரு மெல்லிய காப்புப் படலத்துக்குப் பின்னால் சிறைவைக்கப்படுகின்றன. எழுதும்போதும் அழிக்கும்போதும் அவை அந்தப் படலத்தைத் துளைத்துக்கொண்டு போகின்றன. படலம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நலிகிறது. ஓர் அறையில் ஒரே ஒரு பிட் வைத்த பழைய வகை, ஏறக்குறைய ஒரு லட்சம் முறை அழித்தெழுதத் தாங்கும். இன்று கடையில் கிடைக்கும் மலிவான கார்டுகளில் ஓர் அறையில் மூன்று பிட்டுகள். அவை தாங்குவது ஓராயிரம் முறை அளவில்தான். சும்மா வைத்திருந்தாலும் எலக்ட்ரான்கள் மெல்ல மெல்லக் கசியும், சூட்டில் இன்னும் வேகமாகக் கசியும். சித்திரை வெயிலில் காரின் டாஷ்போர்டில் கிடக்கும் கார்டு என்ன பாடுபடும் என்று நினைத்துப்பாருங்கள். பத்து வருடம் கழித்துப் பார்க்கலாம் என்று கல்யாணக் கார்டை உறையிலிட்டு பீரோவில் பூட்டிவைக்கிறார்கள். அது நகை இல்லை.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் வெள்ளம் வந்தது நினைவிருக்கும். நனைந்த போன் செத்திருந்தாலும் கார்டு பிழைத்திருக்க வாய்ப்புண்டு. நியூசிலாந்துக் கடற்கரையில் 2017-ல் சேகரித்து உறையவைத்த சிறுத்தைக் கடல்நாயின் எச்சத்துக்குள் ஒரு பென் டிரைவ் கிடந்தது. 2019-ல் எடுத்துக் காயவைத்தபோது அதிலிருந்த படங்கள் திறந்தன. ஈரத்தோடு மின்சாரம் சேரும்போதுதான் கெடுதல். நனைந்த கார்டை உடனே செருகிப் பார்க்காமல், நல்ல தண்ணீரில் சேற்றை அலசி, நிழலில் சில நாள் காயவைக்க வேண்டும். தங்கநிறப் பட்டைகள் மங்கியிருந்தால் அழிரப்பரால் இலேசாகத் தேய்க்கலாம்.

இனி, இந்தத் தொழிலில் என்னை விடாமல் பிடித்துவைத்திருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். எந்தக் கருவியில் செருகினாலும் உயிரே காட்டாத மைக்ரோ எஸ்டி கார்டை என்ன செய்வது?

பழைய பெரிய எஸ்டி கார்டு என்றால், பிளாஸ்டிக் கூட்டைப் பிரித்தால் உள்ளே ஒரு சின்ன போர்டு இருக்கும்; அதில் மெமரி சிப் தனி, அதை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் தனி. கன்ட்ரோலர் போய்விட்டால் மெமரி சிப்பைச் சூடுகாட்டிக் கழற்றி, அதற்கான கருவியில் வைத்துப் படித்துவிடலாம். மைக்ரோ எஸ்டி அப்படியில்லை. 15 மில்லிமீட்டர் நீளம், 11 அகலம், 1 தடிமன். அதற்குள் மெமரியையும் கன்ட்ரோலரையும் அடுக்கி, நுண்கம்பிகளால் இணைத்து, பிசினில் ஒரே வில்லையாக வார்த்துவிடுகிறார்கள். கழற்ற எதுவும் கிடையாது. வெளியே தெரியும் எட்டுப் பட்டைகளும் கன்ட்ரோலரோடு மட்டுமே பேசுபவை. அது செத்தால் எட்டும் ஊமையாகிவிடும்.

ஆனால் தொழிற்சாலையில் மெமரியைச் சோதிக்க வேண்டியிருக்கிறது அல்லவா? அதற்காக, பட்டைகள் இருக்கும் அதே பக்கத்தில் மெமரியோடு நேராகப் பேசும் நுண்ணிய செப்புப் புள்ளிகளை வைக்கிறார்கள். சோதனை முடிந்ததும் அவற்றின்மேல் கறுப்புப் பூச்சு ஏறிவிடுகிறது. உங்கள் போனிலுள்ள கார்டை எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். வழவழப்பான கறுப்பு மட்டுமே தெரியும். அந்தப் பூச்சுக்கு அடியில் இருக்கின்றன அந்தப் புள்ளிகள். எந்தப் புள்ளி எதற்கு என்று தயாரிப்பாளர்கள் வெளியில் சொல்வதில்லை. மாடலுக்கு மாடல் இடமும் மாறும். மீட்பு ஆய்வகங்கள் எக்ஸ்ரே படம் எடுத்தும், சிக்னல்களை அளந்து பார்த்தும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து வரைபடமாகச் சேர்த்துவைத்திருக்கின்றன. போலந்தின் ருசோலட் போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே கருவிகள் செய்து விற்கின்றன.

வேலை இப்படி நடக்கும். மைக்ரோஸ்கோப்பின் கீழே கார்டை அசையாமல் பிடித்து, கறுப்புப் பூச்சை மட்டும் பொறுமையாகச் சுரண்டுவார்கள். கொஞ்சம் அழுத்திவிட்டால் அடியில் ஓடும் செப்புக் கோடு அறுந்துவிடும். அதன்பின் யாராலும் எதுவும் செய்ய முடியாது. புள்ளிகள் தெரிந்ததும், தலைமுடி அளவே உள்ள எனாமல் கம்பிகளை ஒவ்வொன்றின்மேலும் சால்டர் வைப்பார்கள். தரவுக்கு எட்டு, கட்டளைகளுக்குச் சில, மின்சாரத்துக்கு இரண்டு என்று ஏறக்குறைய 16 கம்பிகள், விரல்நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு பரப்பில்.

இவ்வளவுக்குப் பிறகு மெமரியிலிருந்து வருவது வெறும் இரைச்சல். ஒரே மாதிரி பிட்டுகள் வரிசையாக இருந்தால் பக்கத்து அறைகள் ஒன்றையொன்று பாதிக்கும் என்பதால், கன்ட்ரோலர் எல்லாவற்றையும் ஒரு போலிக் குழப்பக் கோவையோடு கலந்துதான் எழுதுகிறது. தேய்மானம் ஓரிடத்திலேயே விழாமலிருக்க, அடுத்தடுத்த துண்டுகளை எங்கெங்கோ பரத்தியும் வைக்கிறது. அந்தக் குழப்பக் கோவையைக் கண்டுபிடித்துக் கழித்து, பிழைதிருத்தக் குறியீடுகளால் கசிந்துபோன பிட்டுகளைச் சரிசெய்து, துண்டுகளைக் கோத்து, செத்துப்போன கன்ட்ரோலர் செய்துவந்த வேலை முழுவதையும் ஒரு மனிதர் கணினியில் மறுபடி செய்ய வேண்டும். அப்போதுதான் அப்பத்தாவின் முகம் திரையில் வரும். சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களின் ஆய்வகங்களில் இதைச் செய்கிறார்கள். கூலி ஆயிரக்கணக்கில் ஆகும், நாள்களும் ஆகும். அந்தக் கைத்திறனுக்கு அது நியாயமான விலை என்றே நினைக்கிறேன்.

இந்த வழியும் அடைபடும் இடம் ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு 6 முதல், கார்டைப் போனின் உள்நினைவகமாகவே சேர்த்துக்கொள்ளும் வசதி சில போன்களில் வந்தது. அப்படிச் சேர்த்தால் கார்டு முழுவதும் பூட்டெழுத்தில் எழுதப்படும். திறவுகோல் போனுக்குள் இருக்கும். போன் தொலைந்தால் கார்டு கையில் இருந்தும் பயனில்லை. படங்கள் வைக்கும் கார்டுக்கு இந்த வசதி வேண்டவே வேண்டாம்.

'கார்டு ரிப்பேர்' என்று எழுதியிருக்கும் பலகைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஃபார்மட் அடித்தால் கார்டு மறுபடி வேலை செய்யலாம். வாடிக்கையாளரின் படங்கள் போன கணக்கில் சேர்ந்துவிடும். ஒருமுறை தானாகப் படுத்த கார்டை மறுபடி நம்புவதும் சரியில்லை. படங்களை மீட்டதோடு அதன் வேலை முடிந்தது. பல 'பழுது'களுக்குக் காரணம் பழுதே இல்லை, மோசடி. 8 ஜிபி கார்டின் கன்ட்ரோலரில் 64 என்று பொய் எழுதி விற்கிறார்கள். முதல் 8 ஜிபி நன்றாகப் பதியும். அதற்குமேல் போவது எங்கும் தங்காது, அல்லது பழையதை அழித்துக்கொண்டு எழுதும். அந்தப் படங்களை எந்த ஆய்வகமும் மீட்க முடியாது. புதுக் கார்டு வாங்கிய அன்றே 'எச்2டெஸ்ட்டபிள்யூ' அல்லது 'எஃப்3' என்ற இலவச மென்பொருளால் நிரப்பிச் சோதித்துவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கல்யாணத்துக்குப் படமெடுப்பவர்களில் பலரிடம் இரண்டு கார்டு செருகும் கேமரா இருக்கிறது. ஒரே படத்தை இரண்டிலும் பதியவைக்கும் வசதியை எல்லோரும் பயன்படுத்துவதில்லை. அட்வான்ஸ் கொடுக்கும்போதே அதைக் கேட்டு வாங்குவது பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் உள்ள உரிமை.

மீட்கக் கொடுக்கும்போது இன்னொரு கவனமும் தேவை. கார்டில் வீட்டுப் பெண்களின் படங்கள் இருக்கும். கண்முன்னே மீட்டு, உங்கள் பென் டிரைவில் போட்டுக்கொடுத்து, கடைக் கணினியிலுள்ள நகலை அழித்துக் காட்டும் கடையாகப் பார்த்துக் கொடுங்கள். வழக்கு சம்பந்தப்பட்ட கார்டு என்றால் எதிலும் செருகாமல் அப்படியே ஒப்படைத்துவிட வேண்டும். மெமரி கார்டில் உள்ளது ஓர் ஆவணம் என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வெறுமனே செருகிப் பார்ப்பதுகூட அதில் எதையாவது மாற்றிவிடலாம்.

நுண்கம்பி வேலை எல்லா ஊரிலும் நடக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அட்டவணை சிதைந்த கார்டுகளுக்கு ஒரு பழைய லேப்டாப், நல்ல கார்டு ரீடர், காசு கேட்காத ஒரு மென்பொருள் போதும். செல்போன் சர்வீஸ் சொல்லித்தரும் ஒவ்வொரு பயிற்சி நிலையமும், கார்டை முதலில் நகலெடுப்பதை முதல் வாரப் பாடமாக வைக்க வேண்டும்.