தூண் இல்லாத கூரையைப் பிடித்து நிற்பது எது?

மலாக்கா, தெங்கேராவின் பழைய வரிசை வீடுகளில் அஞ்சடியைப் பார்க்கலாம். அதற்கு மேலே நீளும் பகுதியின் ஒரு முனை சுவரில் இருக்கும். மறு முனையைத் தூண்கள் தாங்கும். பாரத்தை இரு முனைகளும் பகிர்ந்துகொள்கின்றன. இப்போது வீட்டைப் புதுப்பிக்கும் சிலர், கார் நிறுத்தத் தூண் இடைஞ்சல் என்று அதை விட்டுவிட்டு, வீட்டோடு ஒட்டிய கான்கிரீட் கூரையை மட்டும் வெளியே நீட்டச் சொல்கிறார்கள். அப்போது எல்லாப் பாரமும் ஒரே முனைக்குப் போகிறது. அந்த முனையைத்தான் நிலையியலில் 'நிலைத்த தாங்கி' என்கிறார்கள்.

நிலைத்த தாங்கிக்கு மூன்று வேலைகள் உண்டு. கூரை கீழே விழாமல் மேல்நோக்கித் தாங்க வேண்டும். பக்கவாட்டில் நகராமல் பிடிக்க வேண்டும். நுனி தாழ்ந்து கூரை கவிழாமல் எதிர்த்துத் திருப்ப வேண்டும். இந்த மூன்றாவதே திருப்புத்திறன். பாரத்தை, அது தாங்கியிலிருந்து இருக்கும் தூரத்தால் பெருக்கினால் அது கிடைக்கும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். கூரை 1.5 மீட்டர் நீள்கிறது. தடிப்பு 10 சென்டிமீட்டர். ஒரு மீட்டர் அகலத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஏறக்குறைய 2,400 கிலோ. ஆகவே கூரையின் எடை 360 கிலோ. அந்த எடை கூரையின் நடுவில், அதாவது 0.75 மீட்டரில் இருப்பதாகக் கொள்ளலாம். திருப்புத்திறன் 360 × 0.75 = 270 கிலோ-மீட்டர்.

நுனியில் 100 கிலோ பூந்தொட்டிகளை வைத்தால் 100 × 1.5 = 150 சேரும். காற்று இல்லையென்றால் பக்கவாட்டு விசை பூஜ்யம். தாங்கி மேல்நோக்கித் தர வேண்டியது 460 கிலோ. எதிர்த்துத் திருப்ப வேண்டியது 420 கிலோ-மீட்டர். மாணவர்கள் இவற்றை 9.81ஆல் பெருக்கினால் நியூட்டன், நியூட்டன்-மீட்டர் கிடைத்துவிடும்.

எடை கால் பங்குக்குச் சற்று மேல்தான் கூடியது. திருப்புத்திறனோ பாதிக்கு மேல் கூடிவிட்டது. அதே தொட்டிகளைச் சுவரிலிருந்து 0.3 மீட்டரில் வைத்தால் சேர்வது வெறும் 30. கூரையை 3 மீட்டராக நீட்டினால், அதன் சொந்த எடையின் திருப்புத்திறன் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகி 1,080ஐத் தொடும்.

இந்தத் திருப்பத்தை வெறும் செங்கல் சுவர் தாங்காது. கூரையின் இரும்புக் கம்பிகள் உள்ளே இருக்கும் பீமுக்குள் அல்லது தளத்துக்குள் போதிய நீளம் சென்று பிணைந்திருக்க வேண்டும். இருபுறமும் தாங்கிய தளம் நடுவில் தொய்யும். அதன் அடிப்பக்கம்தான் இழுபடும், அதனால் முக்கியக் கம்பி கீழே இருக்கும். நீட்டிய கூரையில் இழுபடுவது மேல்பக்கம். முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்து அந்தக் கம்பி கீழே இறங்கிவிட்டால், கம்பி இருந்தும் பயன் குறைந்துவிடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.

வீட்டை நீட்டிக் கட்ட, 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி ஊராட்சி மன்ற அனுமதி வேண்டும். வரைபடம் வந்ததும் குத்தகையாளரிடம் இரண்டு கேள்விகள் கேட்கலாம்: கம்பி மேலே இருக்கிறதா? அது உள்ளே எவ்வளவு தூரம் போகிறது? கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பே கேட்பது நல்லது.