மெத்தைத் துணி சுற்றிய குண்டு

பென்சில்வேனியாவில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். உடன் வேலை செய்பவர்கள் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு மான் வேட்டைக்குக் கிளம்புகிறார்களாம். அவருக்கும் போக ஆசை. குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் ரைஃபிள்தான் வேண்டும், அது தோளுக்கும் பர்ஸுக்கும் பாரமாக இருக்கக் கூடாது, எதை வாங்கலாம் என்று கேட்கிறார். மானைச் சுட எனக்கு மனம் வராது. ஆனால் இந்தத் துப்பாக்கியின் மேல் நெடுநாள் பித்து உண்டு. அந்த உரிமையில் பதில் சொல்கிறேன்.

முதலில் சட்டம். அந்த மாநிலத்தில் 1974இல் தொடங்கிய இந்தக் குளிர்காலப் பருவத்தில், சிக்கிமுக்கிக் கல் உரசித் தீப்பிடிக்கும் துப்பாக்கிக்குத்தான் இடம். கடைக்காரர் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் வேறொன்றாக இருக்கும். 1985இல் மிசௌரிக்காரரான டோனி நைட் கொண்டுவந்த எம்.கே.-85 பிரபலமாக்கிய, கல் இல்லாமல் குழலுக்கு நேர் பின்னாலிருந்து தீப்பிடிக்கும் ‘இன்லைன்’ வகை அது. சி.வி.ஏ. நிறுவனத்தின் ‘வுல்ஃப்’ அந்த வகையில் மலிவானது. எடையும் மூன்று கிலோவை ஒட்டித்தான். அக்டோபரில் வரும் பருவத்துக்கு அது ஆகும், டிசம்பர் கடைசிக்கு ஆகாது. கல் துப்பாக்கியில் இலேசானது வேண்டுமென்றால் டிரெடிஷன்ஸ் நிறுவனத்தின் ‘டீர்ஹண்டர்’ போன்ற 24 அங்குலக் குழல்காரர்களைப் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டில் செயின்ட் லூயிஸ் நகரில் ஹாக்கன் சகோதரர்கள் செய்த புகழ்பெற்ற ரைஃபிள்கள் நாலரைக் கிலோவை எட்டும். அவற்றைக் குதிரை சுமந்தது.

எடையைப் பற்றி ஒரு வேடிக்கை. பெரிய குண்டு போடும் துப்பாக்கிதான் கனமாக இருக்கும் என்று தோன்றும். பழைய பாணி எண்கோணக் குழலில் கணக்கு தலைகீழ். ஒரே மாடலில் காலிபர் மாறினாலும் வெளிப்புறம் பெரும்பாலும் ஒரே அளவுதான்; உள்ளே எவ்வளவு பெரிய துளை போடுகிறார்களோ அவ்வளவு இரும்பு குறைகிறது. 15/16 அங்குலப் பருமனும் 28 அங்குல நீளமும் உள்ள குழலை எடுத்துக்கொண்டால், 45 காலிபரை விட 54 காலிபர் ஏறக்குறைய கால் கிலோ இலேசு. அதற்காகத் துள்ள வேண்டாம். இலேசான துப்பாக்கி தோளில் அதிகமாக உதைக்கும். அதிலும் கட்டையின் அடியில் பிறை போல வளைந்த பித்தளைத் தகடு இருந்தால் அந்த உதை எலும்பில் இறங்கும். மான் வேட்டைக்கு 50 காலிபர் போதும். கட்டையின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கட்டும்.

இனி எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். 50 காலிபர் குழலின் உள்விட்டம் 12.7 மில்லிமீட்டர். அதில் போடும் ஈயக்குண்டு வழக்கமாக 12.45 மில்லிமீட்டர்தான். குண்டு குழலைத் தொடவே தொடாது! பிறகு உள்ளே வெட்டியிருக்கும் திருகுப் பள்ளங்கள் எதைப் பிடித்துச் சுழற்றுகின்றன? துணியை. மெத்தை, தலையணை உறைக்கு நெய்யும் அழுத்தமான பருத்தித் துணியில், அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனில் ஒரு துண்டு. அதில் எண்ணெயோ கொழுப்போ தடவி, ஒன்றும் இல்லாவிட்டால் எச்சிலாவது தொட்டு, குண்டை அதற்குள் பொதிந்து கோலால் உள்ளே தள்ளுகிறார்கள். துணி பள்ளங்களுக்குள் பிதுங்கி உட்கார்ந்து, சுழற்சியை வாங்கிக் குண்டுக்குக் கொடுக்கிறது. பின்னாலிருந்து வரும் வெடிவாயுவையும் கசியாமல் தடுக்கிறது. எங்கள் தெரு சைக்கிள் கடையில் பம்ப் காற்றடிக்க மறுத்தால், கடைக்காரர் அதைக் கழற்றித் தோல் வாஷருக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுவார். அந்த வாஷர் செய்யும் வேலையோடு கூட இன்னொரு வேலையும் இந்தத் துணி செய்கிறது.

குழலை விட்டு வெளியே வந்ததும் துணி பிரிந்து சில மீட்டர் தள்ளி விழுந்துவிடும். குண்டு மட்டும் போகும். விவரம் தெரிந்தவர்கள் இலக்கைப் பார்ப்பதற்கு முன் அந்தத் துணியைத் தேடி எடுக்கிறார்கள். ஓரம் கருகாமல், நடுவில் குண்டின் வட்டத் தடத்தோடு இருந்தால் எல்லாம் சரி. நடுவில் எரிந்து ஓட்டை விழுந்திருந்தால் மருந்து அதிகம், அல்லது எண்ணெய் போதவில்லை. வெட்டுப்பட்டிருந்தால் குழலின் பள்ள விளிம்புகள் இன்னும் கூராக இருக்கின்றன என்று பொருள். புதுக் குழலில் இது சகஜம். சுட்ட பிறகு இப்படி எழுத்து மூலம் அறிக்கை தரும் துப்பாக்கி வேறு எது இருக்கிறது? ஒரு எச்சரிக்கை: பருத்தி மட்டும்தான். டெரிகாட்டனைக் கிழித்துப் போட்டால் உள்ளே உருகி ஒட்டிக்கொள்ளும்.

மருந்து விஷயத்தில் விளையாட்டே கூடாது. நவீனத் தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தைச் சாதாரண வாய்வழித் துப்பாக்கியில் போட்டால் குழல் வெடிக்கும். இதற்கென்று விற்கும் கருமருந்தைத்தான் போட வேண்டும். அது எரிந்தால் பாதிக்கு மேல் வாயுவாகாமல் திடப்பொருளாகவே மிஞ்சும். வெள்ளைப் புகையும் குழலில் படியும் கரியும் அதுதான். அந்தக் கரி காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசினால் தீர்ந்தது. இதைக்கூடச் செய்யாமல் ‘மலிவுத் துப்பாக்கி, சீக்கிரம் போயிடுச்சு’ என்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. தானாகக் கெட்டுப்போன மலிவுத் துப்பாக்கி குறைவு. சோம்பலில் துருப்பிடித்தவையே மிகுதி.

இன்னொரு வருத்தமும் உண்டு. ஒரே குண்டு, அடுத்ததற்கு அரை நிமிடமாவது ஆகும், தொலைவும் சுமார் 90 மீட்டருக்கு மேல் வேண்டாம் என்ற கட்டுப்பாட்டுக்காகத்தான் இப்படித் தனிப் பருவங்கள் ஒதுக்கினார்கள். அதில் தொலைநோக்கியும் நீளக் குண்டுகளும் பொருத்திக்கொண்டு 200 மீட்டரில் சுடுவது விதியின் எழுத்துக்கு உட்பட்டதாக இருக்கலாம். கொலராடோ மாநிலம் இந்தப் பருவத்தில் தொலைநோக்கியை அனுமதிப்பதில்லை. எனக்கு அது நியாயமாகப் படுகிறது. வாசகர் தொலைநோக்கிக்கு ஆகும் பணத்தை மருந்துக்கும் ஈயத்துக்கும் செலவழித்துப் பயிற்சி எடுக்கட்டும். கல் துப்பாக்கியில் விசையை அழுத்தியதற்கும் குண்டு கிளம்புவதற்கும் இடையே சிறு இடைவெளி உண்டு. அதுவரை அசையாமல் நிற்கப் பழகாதவர் மானைக் காயப்படுத்தித்தான் அனுப்புவார்.

பழையது வாங்கினால் விலை இன்னும் குறையும். 1968ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் இவற்றில் பெரும்பாலானவற்றைப் பழம்பொருள் கணக்கில் சேர்த்துவிட்டதால், பரண்களில் பொம்மை போலக் கிடக்கின்றன. கிடப்பவற்றில் மருந்து கெட்டித்தபடியே மறந்துபோனவையும் உண்டு. ஆகவே பேரம் பேசுவதற்கு முன், முகத்தைக் குழலுக்கு நேரே கொண்டுபோகாமல், கோலை வாய்வழியே அடிவரை விட்டு, வாயோரத்தில் விரலால் அடையாளம் பிடித்து வெளியே எடுங்கள். அதே நீளத்தைக் குழலின் வெளிப்புறம் வைத்துப் பாருங்கள். கோலின் நுனி தீத்துளை வரைக்கும் வந்தால் குழல் காலி. இரண்டு மூன்று விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டால், உள்ளே யாரோ எப்போதோ போட்ட மருந்தும் குண்டும் இருக்கின்றன. துப்பாக்கியை அப்படியே கீழே வைத்துவிட்டு, அதை வெளியே எடுக்கத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.